‘கர்த்தாவே, கர்த்தாவே’ என்றவர்கள்: வாசகர் கேள்வி–பதில்

கடந்த இதழில் மலைப்பிரசங்கத்தின் முடிவுப் பகுதியைக் குறித்து எழுதியிருந்தோம். அதை வாசித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்கின்றன. விசுவாசி என்று பெயர்பெற்ற ஒருவர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ள முடியுமா, முடியுமென்றால் அதை அவர் எப்படித் தெரிந்துகொள்வார் என்பதே அந்தக் கேள்வி. ஆகவே இந்த மாதப் பக்கங்களை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். சில கடிதங்கள் மிகவும் அந்தரங்கமானவை என்பதால் எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: மத்தேயு 7:22, 23 வசனங்களில், இயேசுவின் நாமத்தினாலே தீர்க்கதரிசனம் உரைத்தவர்களும் பிசாசுகளைத் துரத்தினவர்களும் புறம்பே தள்ளப்படுகிறார்கள். அவர்கள் செய்ததாகச் சொல்லும் அற்புதங்கள் பொய்யா? பொய் இல்லையென்றால், தம்முடைய வல்லமை விளங்கிய மனிதரையே ஆண்டவர் ‘அறியவில்லை’ என்று சொல்வது எப்படி?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: அந்த அற்புதங்கள் பொய் என்று ஆண்டவர் சொல்லவில்லை. ‘நீங்கள் எந்தப் பிசாசையும் துரத்தவில்லை’ என்று அவர் மறுத்திருந்தால், போலி ஊழியர்களைக் குறித்த எச்சரிக்கை என்று எண்ணி இந்தப் பகுதியை நாம் நிம்மதியாகக் கடந்து போயிருப்போம். ஆனால் அவர்களோ நியாயாசனத்துக்கு முன்பாக நின்று, ‘அல்லவா’ ‘அல்லவா’ என்று மூன்று முறை வாதாடுகிறார்கள். வேஷம் போட்டவன் அந்த இடத்தில் அப்படிப் பேசத் துணிய மாட்டான். வாழ்நாள் முழுவதும் தாங்கள் அவருடையவர்கள் என்று உள்ளபடியே நம்பியிருந்தவர்கள், அன்றைக்குத்தான் முதன்முறையாகத் திகைத்து நிற்கிறார்கள். இந்த வசனங்களில் என்னை மிகவும் அச்சுறுத்துவது அவர்களுடைய அந்தத் திகைப்புதான்.

அதே சுவிசேஷத்தின் 10-ஆம் அதிகாரத்தில், அசுத்த ஆவிகளைத் துரத்தவும் சகல வியாதிகளையும் நீக்கவும் பன்னிருவருக்கும் அதிகாரம் கொடுக்கப்படுகிறது. அந்தப் பன்னிருவரின் பட்டியலில் கடைசிப் பெயர் யூதாஸ்காரியோத்து. அவன் போன ஊர்களில் மட்டும் நோயாளிகள் சுகமாகவில்லை என்று எந்தச் சுவிசேஷமும் சொல்லவில்லை. ‘உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான்’ என்று கடைசி இராப்போஜனத்தில் ஆண்டவர் சொன்னபோது, மற்றவர்கள் யூதாஸைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஒவ்வொருவனும் ‘ஆண்டவரே, நானோ’ என்றுதான் கேட்டான். ஊழியத்தில் அவனைச் சந்தேகிக்க அவர்களுக்கு ஒன்றுமே தென்பட்டிருக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. துன்பப்படுகிறவர்கள்மேல் இரங்கி அவர்களை விடுவிக்கிற தேவன், அதற்காக யாருடைய கையையும் பயன்படுத்துவார். அந்தக் கைக்கு உரியவன் தம்முடையவன் என்று அதனால் அவர் சான்று கொடுத்துவிடுவதில்லை. ஊழியத்துக்கு இயேசு அனுப்பிய எழுபதுபேர் சந்தோஷத்தோடே திரும்பி வந்தபோதும், ஆவிகள் கீழ்ப்படிகிறதற்காகச் சந்தோஷப்படாதிருங்கள் என்றே அவர்களுக்குச் சொல்லப்பட்டது (லூக்கா 10:20).

‘அறியவில்லை’ என்பதைப் புரிந்துகொள்ள எரேமியா 22-ஆம் அதிகாரத்துக்குப் போக வேண்டும். யூதாவின் ராஜாவாகிய யோயாக்கீம் தனக்கென்று விசாலமான மேலறைகளுள்ள அரண்மனை கட்டுகிறான். பலகணிகளை விரிவாக்குகிறான், கேதுருப் பலகைகளைப் பதிக்கிறான், ஜாதிலிங்க வருணம் (சிவப்புச் சாயம்) பூசுகிறான். வேலை செய்தவர்களுக்கு மட்டும் கூலி கொடுக்கவில்லை. அவனுடைய தகப்பனாகிய யோசியாவோ சிறுமையும் எளிமையுமானவர்களுடைய நியாயத்தை விசாரித்தவன். அந்தத் தகப்பனைச் சுட்டிக்காட்டிவிட்டு, ‘அப்படிச் செய்வதல்லவோ என்னை அறிகிற அறிவு’ என்கிறார் கர்த்தர். தேவனை அறிவது என்ன என்பதற்கு வேதத்தில் இவ்வளவு நேரடியாகச் சொல்லப்பட்ட இடங்கள் மிகச் சில. இந்த வசனத்தை மனதில் வைத்துக்கொண்டு மத்தேயு 7-ஐ வாசித்தால், ‘அக்கிரமச் செய்கைக்காரரே’ என்று ஆண்டவர் அவர்களை அழைப்பதன் காரணம் விளங்கும். ஊழியம் ஒருபுறம் பெருகிக்கொண்டேயிருக்க, கூலி கிடைக்காதவர்களின் கணக்கு மறுபுறம் தீர்க்கப்படாமலே கிடந்திருக்கிறது.

கூட்டத்தின் எண்ணிக்கையையும், சாட்சிகளின் எண்ணிக்கையையும், யூடியூப் பார்வைகளின் எண்ணிக்கையையும் தேவனுடைய அங்கீகாரமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. பிரசங்கிக்கிறவர்களும் இதுபோன்ற பக்கங்களில் எழுதுகிறவர்களும் மற்றவர்களுக்கு முன்னதாகத் தாங்களே இந்தப் பகுதியை வாசிக்கக் கடன்பட்டவர்கள்.

கேள்வி: எங்கள் சபையில் புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த வசன அட்டையை எடுத்து, வருஷம் முழுவதும் அந்த வசனத்தை அறிக்கைசெய்து ஜெபிக்கிறோம். இது பொய்யான நம்பிக்கை என்று என் நண்பர் குறைகூறுகிறார். தேவனுடைய வாக்கை நம்புவது எப்படிப் பொய் நம்பிக்கை ஆகும்?
– வாசகர், மதுரை

பதில்: தேவனுடைய வாக்கை நம்புவது ஒருக்காலும் பொய் நம்பிக்கை ஆகாது. ஆனாலும் உங்கள் நண்பருடைய கவலையை எளிதாகத் தள்ளிவிட வேண்டாம். மெய்யான வாக்குத்தத்தத்தைப் பிடித்துக்கொண்டே மோசம்போன ஒரு தலைமுறையின் கதை வேதத்தில் இருக்கிறது.

கி.மு. 701-இல் அசீரிய ராஜாவாகிய சனகெரிப் யூதா தேசத்துக்குள் புகுந்தான். 46 அரணான பட்டணங்களைப் பிடித்ததாகவும், எசேக்கியா ராஜாவைக் கூண்டுப் பறவையைப்போல் எருசலேமுக்குள் அடைத்துவைத்ததாகவும் அவனுடைய சொந்தக் கல்வெட்டே பெருமை பேசுகிறது. எருசலேமைப் பிடித்ததாக மட்டும் அதில் இல்லை. என் நிமித்தமும் தாவீதின் நிமித்தமும் இந்த நகரத்தை இரட்சிப்பேன் என்று ஏசாயா மூலமாகக் கர்த்தர் சொல்லியிருந்தார், சொன்னபடியே செய்தார். அதற்கு முன்பே, ‘இது என்றென்றைக்கும் நான் தங்கும் இடம்’ என்று சீயோனைக் குறித்து 132-ஆம் சங்கீதம் பாடியிருந்தது. ஆகவே அடுத்து வந்த தலைமுறைகள் எருசலேம் ஒருபோதும் விழாது என்று நம்பியது வெறும் மூடத்தனமன்று. அவர்களுக்கு வசனமும் இருந்தது, வரலாறும் இருந்தது.

ஏறக்குறைய 90 வருஷங்களுக்குப் பின், யோயாக்கீமின் ஆட்சித் தொடக்கத்தில், எரேமியா ஆலய வாசலில் நின்று பேசினான். ‘கர்த்தரின் ஆலயம், கர்த்தரின் ஆலயம், கர்த்தரின் ஆலயம் இதுவே என்று சொல்லி, பொய்வார்த்தைகளை நம்பிக்கொள்ளாதிருங்கள்’ என்றான். அது கர்த்தரின் ஆலயம் என்பதில் பொய் ஏதும் இல்லை. பொய் வேறோர் இடத்தில் ஒளிந்திருந்தது: திருடி, கொலைசெய்து, பொய்யாணையிட்டு, பாகாலுக்குத் தூபங்காட்டிவிட்டு, பிற்பாடு அந்த ஆலயத்துக்குள் வந்து நின்று, விடுதலை பெற்றோம் என்று சொல்லிக்கொண்டார்கள். பரதேசியையும் திக்கற்றவனையும் விதவையையும் ஒடுக்காதிருந்தால் உங்களை இந்த ஸ்தலத்தில் குடியிருக்கப்பண்ணுவேன் என்ற நிபந்தனையைக் கேட்க யாருக்கும் மனமில்லை. கள்ளர் ஒளிந்துகொள்ளும் குகையாக ஆலயம் மாறியிருந்தது. கள்ளன் திருடுவது வெளியே, பத்திரமாக உணருவது குகைக்குள்ளே. ‘சீலோவுக்குப் போய்ப் பாருங்கள்’ என்றும் எரேமியா சொன்னான். எருசலேமுக்கு வடக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டரில், முன்னொரு காலத்தில் உடன்படிக்கைப் பெட்டி இருந்த இடம் அது. நடந்துபோய்ப் பார்த்துவிடக்கூடிய தூரத்தில் ஒரு பாழிடம் சாட்சியாகக் கிடந்தது. அந்தப் பிரசங்கத்துக்குக் கிடைத்த பதில், ‘நீ சாகவே சாகவேண்டும்’ என்று ஆசாரியரும் தீர்க்கதரிசிகளும் எரேமியாவைப் பிடித்துக்கொண்டதுதான்.

இன்னும் ஒரு காட்சியைச் சொல்லியாக வேண்டும். சிதேக்கியா ராஜாவின் நாலாம் வருஷத்தில், கிபியோன் ஊரானாகிய அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் சகல ஜனங்களுக்கும் முன்பாக எழுந்து, இரண்டு வருஷத்துக்குள் பாபிலோனின் நுகம் முறிக்கப்படும், கொண்டுபோகப்பட்ட ஆலயப் பணிமுட்டுகள் (பாத்திரங்கள்) எல்லாம் திரும்பிவரும் என்று கர்த்தருடைய நாமத்தினாலே அறிவித்தான். எரேமியா அதைக் கேட்டு, ‘ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக’ என்றான். அந்த ஆமெனில் கேலி இருந்ததாக நான் நினைக்கவில்லை, தன் ஜனங்களை நேசித்தவன் அப்படியே நடக்கக்கூடாதா என்று ஏங்கியிருப்பான். அனனியா பேசியது ஏறக்குறைய ஏசாயா பேசியதைப் போலவே இருந்தது. அதே தேவன், அதே நகரம், அதே விடுதலை. எசேக்கியாவின் நாட்களில் சொல்லப்பட்டதை மனந்திரும்பாத ஜனங்களுக்கு அவன் அப்படியே எடுத்து நீட்டினான். ‘இந்த ஜனத்தைப் பொய்யை நம்பும்படிச் செய்தாய்’ என்ற தீர்ப்பு அவன்மேல் வந்தது. அந்த வருஷத்திலேயே செத்துப்போனான். பின்னும் சில வருஷங்களுக்குள் நேபுகாத்நேச்சாரின் சேனை ஆலயத்தைச் சுட்டெரித்தது.

நம் வாக்குத்தத்த அட்டைகளில் மிகுதியாக அச்சிடப்படும் வசனங்களில் ஒன்று எரேமியா 29:11: ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.’ அனனியாவின் கதை வரும் அதிகாரத்துக்கு அடுத்த அதிகாரம் அது; பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். அந்த வசனத்துக்கு முந்தின வசனம், 70 வருஷம் பாபிலோனிலே நிறைவேறினபின்புதான் உங்களைச் சந்திப்பேன் என்கிறது; அதாவது கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் அநேகர் திரும்பிவரப் போவதில்லை. அதற்கும் முன்னால், வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், உங்களைச் சிறைப்படுத்தின பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்ற கட்டளை இருக்கிறது. விரைவில் ஊர் திரும்புவோம் என்று சொப்பனம் சொல்லுகிறவர்களை நம்பாதீர்கள் என்றும் இருக்கிறது. அட்டையில் அச்சாவது ஒரு வசனம்தான். வேதத்தில் அது ஓர் அதிகாரத்துக்குள் கட்டளையோடும் எச்சரிப்போடும் சேர்ந்து இருக்கிறது. ஆகவே அட்டையை எடுங்கள், அன்று இரவே வீட்டில் குடும்பமாக உட்கார்ந்து அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். வாக்குத்தத்தத்தை அறிக்கைசெய்யும்போது அதோடு சேர்ந்து நிற்கிற கட்டளைக்கும் உங்களை ஒப்புக்கொடுங்கள். அப்படிச் செய்கிறவரை உங்கள் நண்பரும் குறைகூற மாட்டார்.

கேள்வி: லூக்கா 18-இல் வரும் பரிசேயன் தன்னைக் குறித்துச் சொன்னது பொய்யா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: பொய் என்று எண்ண இடமில்லை. வாரத்தில் இரண்டுதரம் உபவாசித்திருப்பான், சம்பாத்தியத்தில் எல்லாம் தசமபாகம் கொடுத்திருப்பான், அதற்காகத் தன்னைப் புகழாமல் தேவனுக்கே ஸ்தோத்திரமும் சொல்லுகிறான். அவன் ஜெபத்தை மறுபடியும் வாசித்துப் பாருங்கள்: அதில் ஒரு விண்ணப்பம்கூட இல்லை. தேவனிடத்தில் கேட்டுப் பெறவேண்டியது அவனுக்கு எதுவும் இருக்கவில்லை. அதே உவமையில் அவனோடு ஜெபிக்க வந்த ஆயக்காரனுடைய (வரி வசூலிக்கிறவனுடைய) ஜெபமோ முழுவதும் விண்ணப்பம்.

கேள்வி: ‘எல்லாவற்றைப்பார்க்கிலும் இருதயமே திருக்குள்ளதும் மகா கேடுள்ளதுமாயிருக்கிறது’ என்கிறார் எரேமியா. ‘உங்களை நீங்களே சோதித்து அறியுங்கள்’ என்கிறார் பவுல். திருக்குள்ள, அதாவது வஞ்சகமான, இருதயத்தைக்கொண்டு அந்த இருதயத்தையே எப்படிச் சோதிப்பது?
– இறையியல் மாணவர், சென்னை

பதில்: இந்த மாதம் வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றியது இதுதான். உங்கள் சந்தேகம் நியாயமானது. தன் கடைப் படிக்கல்லைக்கொண்டே தன் தராசைச் சரிபார்க்கிற வியாபாரிக்கு எப்போதும் சரியாகத்தான் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு உள்ளத்துக்குள் இறங்கி, ‘எனக்குள் மெய்யான பக்தி இருக்கிறதா’ என்று தேடுகிறவன், அன்றைய மனநிலைக்கு ஏற்ப ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு பதிலோடு திரும்பிவருவான். வேதம் நம்மை அந்த வழியில் அனுப்புவதில்லை என்பதே என் உறுதியான எண்ணம். அது சோதனையை எப்போதும் நமக்கு வெளியே, நாம் மறுக்க முடியாத ஓர் இடத்தில் வைக்கிறது.

1 சாமுவேல் 15-ஐப் பாருங்கள். எதிரிகளாகிய அமலேக்கியருக்குரிய எல்லாவற்றையும் அழிக்கும்படி ராஜாவாகிய சவுலுக்குத் தீர்க்கதரிசியாகிய சாமுவேல் மூலமாகக் கட்டளை. அவனோ ஆடுமாடுகளில் முதல்தரமானவைகளைத் தப்பவிட்டு, கர்மேலில் தனக்கு ஜெயஸ்தம்பம் நாட்டி, கில்காலுக்கு வந்து சேருகிறான். சாமுவேலைக் கண்டதும் அவன் பேசிய முதல் வார்த்தை ஆசீர்வாதம், இரண்டாவது வார்த்தை, ‘கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன்’ என்பது. இந்த இடத்தில் சாமுவேல் அவன் நோக்கத்தை ஆராயவில்லை. அவன் பக்தியின் ஆழத்தை விசாரிக்கவில்லை. ‘அப்படியானால் என் காதுகளில் விழுகிற ஆடுகளின் சத்தமும், எனக்குக் கேட்கிற மாடுகளின் சத்தமும் என்ன’ என்று மட்டும் கேட்டான். அதன்பின் சவுல் சொன்ன ஒவ்வொரு பதிலையும் கவனியுங்கள். கர்த்தருக்குப் பலியிடத்தான் வைத்திருக்கிறோம் என்கிறான். ஜனங்கள்தான் தப்பவிட்டார்கள் என்கிறான். ‘என் தேவனாகிய கர்த்தருக்கு’ என்று சொல்லாமல், சாமுவேலிடம் ‘உம்முடைய தேவனாகிய கர்த்தருக்கு’ என்கிறான். ஆடுகள் கத்திக்கொண்டிருக்க, தான் கீழ்ப்படிந்ததாகவே அவன் வாதாடிக்கொண்டிருந்தான். முடிவில் பாவஞ்செய்தேன் என்று ஒப்புக்கொண்ட பிறகும், ஜனத்தின் மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்றே கேட்டுக்கொள்கிறான்.

எரேமியா 34-இல் இதைப்போல இன்னொரு சம்பவம். பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருந்தபோது, ராஜாவும் பிரபுக்களும் ஆலயத்தில் உடன்படிக்கை செய்து, கன்றுக்குட்டியை இரண்டாகத் துண்டித்து அதன் நடுவே கடந்துபோய், தங்கள் எபிரெய அடிமைகளையெல்லாம் விடுதலையாக்கினார்கள். கண்ணீரும் உருக்கமும் நிறைந்த ஆராதனையாக அது இருந்திருக்கும். பார்வோனின் சேனை எகிப்திலிருந்து புறப்பட்ட செய்தி வந்தது, பாபிலோனியர் முற்றுகையை நீக்கிப் போனார்கள். உடனே பிரபுக்கள் அந்த அடிமைகளைத் திரும்பப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுடைய மனந்திரும்புதல் மெய்யானதா என்பதை அவர்கள் இருதயத்தை நோண்டிப் பார்த்து அறியவேண்டியதில்லை. விடுதலையான அந்த வேலைக்காரி ஆபத்து நீங்கிய பிறகு எங்கே இருந்தாள் என்று கேட்டால் போதும்.

யாக்கோபும் இதே வழியைத்தான் காட்டுகிறார். தன்னைத் தேவபக்தியுள்ளவனென்று எண்ணுகிறவன் தன் நாவை அடக்காவிட்டால் தன் இருதயத்தை வஞ்சிக்கிறான் என்கிறார் (1:26). அடுத்த வசனத்தில் திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும் வருகிறார்கள். நாவு பேசியதைக் கேட்ட காதுகள் வெளியே இருக்கின்றன. விதவையின் வீடு வெளியே இருக்கிறது.

ஆகவே சகோதரரே, உங்களைச் சோதிக்க விரும்பினால், உங்களைப் புகழ்வதால் எந்த ஆதாயமும் இல்லாதவர்கள் உங்களைப்பற்றி என்ன அறிந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பாகப்பிரிவினையில் உங்களோடு மனஸ்தாபப்பட்ட சகோதரன், விடுதியில் உங்கள் அறைக்கு அடுத்த அறையில் இருப்பவர், விடுதிச் சமையற்கட்டில் உங்கள் தட்டைக் கழுவுகிறவர், நீங்கள் கடன் வாங்கி மறந்துபோன நண்பர். தாவீதுக்குத் தன் பாவம் ஏறக்குறைய ஒரு வருஷம் தெரியவில்லை. பிள்ளை பிறந்த பிறகுதான் தீர்க்கதரிசியாகிய நாத்தான் வந்தான், அவனும் வேறொருவனுடைய ஆட்டுக்குட்டியின் கதையைச் சொல்லித்தான் தாவீதின் வாயிலிருந்தே தீர்ப்பை வாங்க வேண்டியிருந்தது. உங்களிடம் அப்படிப் பேசத் துணிகிற ஒருவராவது உங்கள் வாழ்க்கையில் இருக்கட்டும். இல்லையென்றால் அப்படி ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். குருப்பட்டம் பெற்ற பிறகு அப்படிப்பட்டவர் கிடைப்பது கடினம்.

கேள்வி: தன்னைத் தானே வஞ்சிக்கிறவன் எல்லாம் இரட்சிக்கப்படாதவன்தானா? மெய்யாக மனந்திரும்பினவனும் ஒரு பெரிய பாவத்தைப் பாவமென்றே அறியாமல் வாழ முடியுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முடியும். அதற்கு வரலாற்றில் தெளிவான ஓர் உதாரணம் இருக்கிறது. ‘அமேசிங் கிரேஸ்’ என்ற புகழ்பெற்ற ஆங்கிலப் பாமாலையை எழுதிய ஜான் நியூட்டன், 1748-இல் நடுக்கடலில் வீசிய புயலில் தேவனை நோக்கிக் கூப்பிட்டு மனந்திரும்பினார். அதற்குப் பின்புதான், 1750 முதல் 1754 வரை, அடிமைக் கப்பல்களின் தலைவராக ஆப்பிரிக்கக் கரைக்குப் போய்வந்தார். மேல்தளத்தில் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார்; கீழ்த்தளத்தில் விலங்கிடப்பட்ட மனிதர்கள் நெருக்கி அடுக்கப்பட்டுக் கிடந்தார்கள். அந்நாட்களில் அந்தத் தொழில் நியாயமானதா என்ற உறுத்தல் தமக்கு எழவே இல்லை என்று அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். உடல்நலக் குறைவினால்தான் கடலை விட்டார். 1764-இல் குருவானார். அடிமை வியாபாரத்தைக் கண்டித்தும், அதில் தமக்கிருந்த பங்கை ஒப்புக்கொண்டும் அவர் வெளிப்படையாக எழுதியது 1788-இல், அதாவது மனந்திரும்பி 40 வருஷங்களுக்குப் பின். அவருடைய மனந்திரும்புதல் பொய் என்று நான் சொல்லத் துணியமாட்டேன். அவருடைய காலமும் அவருடைய சபையும் சேர்ந்து அந்தக் கீழ்த்தளத்தைப் பார்க்காமல் இருக்க அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தன.

நம் தமிழ்ச் சபைகளுக்கும் அப்படி ஒரு கீழ்த்தளம் உண்டு. சாதி வேறுபாட்டைச் சபையிலிருந்து முற்றிலும் அகற்ற வேண்டுமென்று 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சுற்றறிக்கை அனுப்பியபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் திரளானவர்கள் சாதியைவிட மனமில்லாமல் சபையை விட்டே போனார்கள். ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்க முடியாது என்றவர்கள் வேதம் அறியாதவர்கள் அல்லர். பல தலைமுறைகளாக வேதம் வாசித்தவர்கள், அழகான கீர்த்தனைகளைப் பாடியவர்கள். வடக்கன்குளத்தில் கத்தோலிக்க ஆலயத்துக்குள்ளேயே இரண்டு சாதியாரைப் பிரித்த சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. சுவர்கள் போயின. கல்லறைத் தோட்டங்கள் இன்றும் பல ஊர்களில் தனித்தனியாகவே இருக்கின்றன. ஞாயிறு காலையில் ‘கிறிஸ்துவுக்குள் நாம் அனைவரும் ஒன்று’ என்று சொல்லிவிட்டு, மாலையில் பிள்ளைக்கு வரன் தேடும் தாளில் உட்பிரிவு உட்பட எழுதுகிறோம். யாருக்கும் உறுத்துவதில்லை. உறுத்தல் இல்லாததை நல்மனச்சாட்சி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் நியூட்டனின் கதையைச் சொன்னேன்.

இத்தகைய வஞ்சனையில் இருக்கிற மனிதனைத் தேவன் கைவிட்டுவிடுகிறார் என்று வேதம் சொல்லவில்லை. வெளிப்படுத்தின விசேஷத்தில் கடிதம் பெறுகிற ஏழு சபைகளில் ஒன்றாகிய லவோதிக்கேயாவைப் பாருங்கள். கி.பி. 60-இல் நிலநடுக்கம் அந்தப் பட்டணத்தை நொறுக்கியபோது, ரோமின் உதவி இல்லாமலே தன் சொந்தச் செல்வத்தால் எழுந்து நின்றது என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். அந்த ஊரின் பேச்சு சபையின் வாயிலும் இருந்தது: நான் ஐசுவரியவான், எனக்கு ஒரு குறைவுமில்லை. ஏழு சபைகளில் ஒரு பாராட்டும் பெறாத சபை அது. ஆனால் ‘இதோ, வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்’ என்ற வார்த்தை அந்தச் சபைக்குத்தான் சொல்லப்பட்டது. ‘நான் நேசிக்கிறவர்களெவர்களோ அவர்களைக் கடிந்துகொண்டு சிட்சிக்கிறேன்’ என்பதும் அதே கடிதத்தில், அதற்கு முந்தின வசனம்.

கேள்வி: ஐயா, உங்கள் கடந்த மாதக் கட்டுரையை வாசித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. சிறுவயதிலேயே ஞானஸ்நானம், திடப்படுத்தல் எல்லாம் பெற்றவள் நான். ஆனாலும் அந்நாளில் ‘உன்னை அறியேன்’ என்று எனக்கும் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. படுக்கையில் இருக்கும் என் மாமியாரை ஐந்து வருஷமாகக் கவனித்துவருகிறேன். சில நாள் பொறுமை இழந்து கத்திவிடுகிறேன், பிறகு அழுது அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இப்படிப்பட்ட நான் தகுதியற்றவள் என்று எண்ணித் திருவிருந்து எடுப்பதையும் நிறுத்திவிட்டேன்.
– சகோதரி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். நாம் இதுவரை பார்த்த எச்சரிக்கைகள் யாரை நோக்கிச் சொல்லப்பட்டவை என்று திரும்பிப் பாருங்கள். அரண்மனை கட்டிவிட்டுக் கூலி கொடுக்காத ராஜா, ஜெயஸ்தம்பம் நாட்டிய சவுல், ஒன்றும் கேட்கத் தேவையில்லாத பரிசேயன், ஒரு குறைவுமில்லை என்ற லவோதிக்கேயா. இவர்களில் ஒருவரும் ‘நானோ’ என்று கேட்டுத் தூக்கமிழந்ததாக எழுதப்படவில்லை. உங்களைப் போன்றவர்களுக்கு வேறு வார்த்தை இருக்கிறது: ‘சிறுமைப்பட்டு, ஆவியில் நொறுங்குண்டு, என் வசனத்துக்கு நடுங்குகிறவனையே நோக்கிப்பார்ப்பேன்’ (ஏசாயா 66:2). எரேமியாவைச் சொல்லிப் பலமாக எச்சரிக்கிறவர்கள், என்னையும் சேர்த்துத்தான், இந்த வசனத்தையும் அதே பலத்தோடு சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

ஆனாலும் உங்கள் பயத்தையே உங்கள் இரட்சிப்பின் அடையாளமாக எடுத்துக்கொள்ளும்படி நான் சொல்லமாட்டேன். இன்றைக்குப் பயம், நாளைக்கு நிம்மதி. இரண்டும் உள்ளத்தின் நிலைகள், இரண்டும் மாறும். யோவான் தம் முதலாம் நிருபத்தில் உங்களைப் போன்றவர்களுக்கென்றே எழுதியிருக்கிறார். சொல்லினாலும் நாவினாலும் அல்ல, கிரியையினாலும் உண்மையினாலும் அன்புகூருங்கள், இதினாலே உங்கள் இருதயத்தை அவருக்கு முன்பாக நிச்சயப்படுத்திக்கொள்ளலாம் என்கிறார். பிறகு, ‘நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்’ என்கிறார் (3:18–20). சகலத்தையும் அறிந்தவர் உங்கள் மாமியாரின் படுக்கை விரிப்பு இரவில் எத்தனைமுறை மாற்றப்பட்டது என்பதையும் அறிந்திருக்கிறார், நீங்கள் கத்தியதையும் அறிந்திருக்கிறார், மன்னிப்புக் கேட்டதையும் அறிந்திருக்கிறார். மத்தேயு 25-இல் வலதுபக்கத்தில் நிற்கிறவர்கள், ‘ஆண்டவரே, எப்பொழுது’ என்று கேட்கிறார்கள். தாங்கள் செய்ததை அவர்கள் கணக்கில் வைத்திருக்கவில்லை. நீங்களும் வைத்திருக்க வேண்டாம். உங்களுக்காகப் பாடுபட்டவரையே பற்றிக்கொள்ளுங்கள். ‘என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை’ என்றவரும் மத்தேயு 7-இல் பேசுகிறவரும் ஒருவரே.

தூக்கமின்மை தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். ஐந்து வருஷம் ஓய்வில்லாமல் ஒரு நோயாளியைக் கவனிக்கிற உடம்பு களைத்துத்தான் போகும், அந்தக் களைப்பை ஆத்துமாவின் குற்றமாகக் கணக்கிட வேண்டாம். வாரத்தில் ஓர் இரவாவது உங்கள் கணவரோ அவருடைய உடன்பிறந்தவர்களோ அம்மாவின் அருகில் இருக்கட்டும். அதைக் கேட்பது உங்கள் உரிமை. உங்கள் சேகரக் குருவிடம் இந்தக் கடிதத்தில் எழுதியதை அப்படியே சொல்லி ஜெபிக்கச் சொல்லுங்கள். அடுத்த திருவிருந்து ஆராதனை எந்த ஞாயிறு என்று அவரிடமே கேட்டுக்கொண்டு, அன்றைக்குப் பின்வாங்காமல் பீடத்துக்கு முன்னால் போய் முழங்காற்படியிடுங்கள்.